மூன்றாவது டவுனில் ஒரு யார்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்தின் சிறந்த ரன்னிங் பேக்குகளை, அதாவது பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் ஆட்டக்காரர்களை, வரிசைப்படுத்திச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இந்த ஆட்டத்தைப் பற்றியும் எழுதுகிறார்களே என்று சந்தோஷம்தான். ஆனால் அந்த வரிசை முழுக்க ஒரே அளவுகோலை நம்பி நிற்கிறது: பந்தை வாங்கி ஒரு தடவை ஓடினால் சராசரியாக எத்தனை யார்டு? அந்தக் கணக்கில் 5.2 வைத்திருக்கும் ஜிம் பிரவுனும் 5.0 வைத்திருக்கும் பாரி சாண்டர்ஸும் உச்சியில் இருக்கிறார்கள். 4.2 வைத்திருக்கும் எம்மிட் ஸ்மித் எங்கோ கீழே. ஃபிராங்க் கோருக்கு இடமே இல்லை.

நான் டெட்ராய்ட் பக்கம் குடியிருப்பவன். இந்த ஊரில், எங்கள் லயன்ஸ் அணிக்கு ஆடிய பாரி சாண்டர்ஸைக் குறை சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் பனி அள்ளும் மண்வெட்டியைக்கூட இரவல் தர மாட்டார். இருந்தாலும் சொல்கிறேன்.

நான்கு டவுனுக்குள், அதாவது நான்கு முயற்சிக்குள், ஓர் அணி பத்து யார்டு கடக்க வேண்டும். நான்காவதில் பெரும்பாலும் பந்தை உதைத்து எதிரணிக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதால் கையில் இருப்பது மூன்றுதான். ஒருவர் பத்துத் தடவை ஓடுகிறார். ஒன்பது தடவை ஒவ்வொரு யார்டு, ஒரே ஒரு தடவை 41. சராசரி 5. இன்னொருவர் பத்துத் தடவையும் நாலு நாலு யார்டு. சராசரி 4. உங்கள் கட்டுரைப்படி முதலாமவர் உசத்தி. ஆனால் இரண்டாமவர் மூன்று ஓட்டத்தில் 12 யார்டு போய்விடுகிறார், அணி நிற்காமல் நகர்கிறது. முதலாமவரின் அணியோ அந்த 41 வரும்வரை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதற்காகவே ஒவ்வொரு ஓட்டத்தையும் தேறியதா இல்லையா என்று எண்ணும் முறை ஒன்று உண்டு. முதல் டவுனில் தேவையான தூரத்தில் 40 சதவீதம், இரண்டாவதில் மிச்சத்தில் 60 சதவீதம், மூன்றாவதில் முழுவதும் எடுத்திருக்க வேண்டும். 80 யார்டு பாய்ந்தாலும் அது ஒரு தேர்ச்சிதான். சராசரி மறைப்பதை இது காட்டிவிடும்.

சாண்டர்ஸின் ஆட்டம் கண்ணுக்கு விருந்து, மறுக்கவில்லை. ஆனால் பின்னால் போய், பக்கவாட்டில் வளைந்து, வழி தேடுகிற ஓட்டம் அது. வழி கிடைக்காத நாளில் என்ன ஆகும்? 1994 பிளே-ஆஃபில் கிரீன் பே அணிக்கு எதிராக 13 தடவை ஓடி, மொத்தக் கணக்கு மைனஸ் ஒன்று. லயன்ஸ் 16-12 என்று தோற்றது. கடைசி இரண்டு சீசன்களில் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் போனதும் டாமி வார்டெலைக் கொண்டுவந்து அவரிடம் பந்தைக் கொடுப்பார்கள். லயன்ஸ் பயிற்சியாளர்களுக்கே அது தெரிந்திருந்தது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். 1997இல் முதல் இரண்டு ஆட்டங்களில் 33, 20 யார்டு என்று தடுமாறிய அதே சாண்டர்ஸ் அடுத்த 14 ஆட்டங்களிலும் தொடர்ந்து நூறைத் தாண்டி 2,053இல் முடித்தார். இதைச் சீரற்ற ஆட்டம் என்று நான் சொன்னால் மண்வெட்டி போனது நியாயம்தான். ஸ்மித்துக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுத்து வழி திறந்துவிட்ட ஆட்டக்காரர்களின் வரிசை, அதாவது லைன், இவருக்கு அமையவில்லை என்பதும் உண்மை. எந்தப் புள்ளிவிவரமும் லைனையும் ஓடுபவரையும் சுத்தமாகப் பிரித்துக் காட்டுவதில்லை.

ஆனால் ஸ்மித்தை லைனின் தயவில் ஓடியவர் என்று மட்டும் தள்ளிவிட முடியாது. 1993இல் சம்பளத் தகராறில் அவர் வெளியே இருந்த முதல் இரண்டு ஆட்டங்களிலும் அவருடைய அணியான டல்லாஸ் தோற்றது. லைன் அங்கேதான் இருந்தது. அந்த சீசனின் கடைசி ஆட்டத்தில் தோள்பட்டை விலகிய பிறகும் விடாமல் ஓடி மொத்தம் 168 யார்டு எடுத்தார், டல்லாஸ் கூடுதல் நேரத்தில் ஜெயித்தது. 1991 முதல் 2001 வரை பதினொரு சீசன், ஒன்றில்கூட ஆயிரத்துக்குக் குறையவில்லை.

அப்புறம் கோர். கல்லூரியிலேயே இரண்டு முழங்காலிலும் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஒரு சீசனில்கூட ஓடிய யார்டுக் கணக்கில் லீகில் முதலிடம் பிடித்ததில்லை. 16 சீசன் ஆடிச் சரியாக 16,000 யார்டு சேர்த்தார். அவருக்கு மேலே ஸ்மித்தும் வால்டர் பேட்டனும் மட்டும்தான். நீண்ட நாள் ஆடினால் யாருக்கும் சேரும் என்று கட்டுரையாளர் நினைக்கலாம். முப்பது வயதானதும் ரன்னிங் பேக்கை அணிகள் கழற்றிவிடும் லீகில், யாரையும் சும்மா நீண்ட நாள் ஆட விடுவதில்லை.

கடைசியாக ஒரு சின்னத் திருத்தம். இரண்டாயிரம் யார்டு கடந்தவர்களின் பெட்டிச் செய்தியில் ஓ.ஜே. சிம்ப்சனின் 2,003 கடைசியில் இருந்தது. 1973இல் சீசனுக்கு 14 ஆட்டங்கள்தான். மற்றவர்களுக்கெல்லாம் 16 அல்லது 17. அடுத்த முறை பெட்டியில் ஆட்டங்களின் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ட்ராய், மிச்சிகன்.