பெயர் தெரியாத பிசியோதெரபி அக்காவுக்கு

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கோ, அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பக்கம் கை தோளுக்கு மேல் எழவில்லை. உயிர் பிழைத்தவள் இதையெல்லாம் குறையாகச் சொல்லலாமா?

நீங்கள் பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர். நான் சீப்பை இடக்கைக்கு மாற்றியதைக் கவனித்து, சுவரோரம் நிறுத்தி, விரல்களை நண்டு மாதிரி மேலே ஏற்றச் சொன்னீர்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. "நாளைக்கு இதைத் தாண்டப் பாருங்க, ரொம்ப வலிச்சா நிறுத்திடுங்க." அப்புறம், மேல்கை மரத்திருப்பது நரம்பால்தான் என்றும், கை கனத்தாலோ வீங்கினாலோ தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டவும் சொன்னீர்கள். அதை அதுவரை யாருமே சொல்லவில்லை!

இப்போது கொடியில் துணி நானே காயப்போடுகிறேன் அக்கா. இதைப் படித்தால் ஒரு வரி எழுதுங்கள், பெயரோடு.