குதிரைலாட நண்டுக்கு மணலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் குதிரைலாட நண்டு பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். அதன் நீல ரத்தத்தைப் பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள், சரி. ஸ்டான்லி மருத்துவமனையில் ஒரு நோயாளிக்குப் போடும் ஊசி மருந்தில் பாக்டீரியா நச்சு இல்லை என்று உறுதிசெய்ய அந்த உயிரின் ரத்தம் உதவுகிறது என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் ரத்தம் எடுப்பதை நிறுத்திவிட்டால் போதும், அது பிழைத்துக்கொள்ளும் என்பதுபோல் கட்டுரையை முடித்துவிட்டீர்கள். மாற்று வந்தாயிற்று. சிங்கப்பூரில் டிங் ஜீக் லிங், ஹோ பாவ் தம்பதியின் ஆய்விலிருந்து பிறந்த செயற்கைப் பொருளை வைத்துச் செய்யும் பரிசோதனையை ஐரோப்பிய மருந்துத் தரநூல் 2021-லேயே சேர்த்துக்கொண்டது. அப்புறமும் அந்த நண்டு முட்டையிடக் கரை வேண்டுமே!

வருடத்தின் பெரும்பகுதி கடலடியில் புழுவும் சிப்பியும் தின்று கிடக்கும் உயிர் அது. இனப்பெருக்கக் காலத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும்போது கரைக்கு வரும். ஆண் முதுகில் பற்றிக்கொள்ள, பெண் ஈர மணலைத் தோண்டி முட்டையிடும். அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் ஒரு குழிக்குச் சுமார் 4,000 முட்டைகள். ஆர்க்டிக்குக்குப் பறக்கும் வழியில் உள்ளான் பறவைகள் இறங்கித் தின்று தெம்பேற்றிக்கொள்வது அவற்றைத்தான். தப்பிப் பிழைக்கும் குஞ்சு பல முறை ஓடு கழற்றிப் பருவத்துக்கு வர ஏறக்குறைய 10 வருடம் ஆகும். இன்று ஒரு கரை பாழானால் அந்த இழப்பு முழுதாகத் தெரிய அத்தனை வருடம் பிடிக்கும். உலகில் இருக்கும் 4 இனங்களில் 2 நம் நாட்டில், ஒடிசா, வங்காளக் கரைகளில் வாழ்கின்றன.

அந்த டெலவேர் கரையில் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய இடங்களில், அலையோடு வரும் நண்டுகள் இடுக்கில் மாட்டி வெயிலில் சாகின்றன. மல்லாந்து விழுந்தால் வாலை ஊன்றிப் புரண்டுகொள்ளத் தெரிந்த உயிர்தான். கல் இடுக்கில் வாலை எங்கே ஊன்றும்?

இதை வடசென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. துறைமுகம் கட்டிய நாளிலிருந்து தெற்கிலிருந்து வரும் மணல் மெரினாவில் தங்கிவிட்டது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் அரித்துக்கொண்டே போனது. கரையில் கொட்டிய கல்லும், கடலுக்குள் நீளும் கல் சுவரான தூண்டில் வளைவும் அதனால் வந்தவை. வீடு கடலில் போகிறது என்கிற குடும்பத்திடம் கல் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அது அவர்கள் செய்த வினை இல்லை. ஆனால் கல் போட்ட இடத்தில் பங்குனி ஆமை ஏற முடியாது. குதிரைலாட நண்டு நம் கரைக்கு வராவிட்டாலும் ஆமை வருகிறது, அதற்கும் அதே மணல்தான் வேண்டும்.

எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காடு வரை இன்னும் மணல் மிஞ்சியிருக்கும் இடங்கள் உண்டு. அங்கே புதிதாக எது கட்ட வந்தாலும், கருத்துக்கேட்புக் கூட்டத்திலேயே எந்த உயிர் எந்த மாதம் இங்கே முட்டையிடுகிறது என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். கேட்பதற்கு மக்களிடம் விவரம் வேண்டும். உங்கள் நிருபர் ஒருவர் தை, மாசியில் இந்தக் கரையோரம் வந்து, மீனவர்களோடு நடந்து, அதை எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவொற்றியூர்