ஓடி வராமல் நின்றவர்களுக்கு நன்றி

பெருமதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

செங்கோட்டையை அடுத்த புளியரையிலிருந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளுக்கு இப்போது வலிப்பு வருவதில்லை. அதற்குத் துணைநின்றவர்களில் சிலர் தாங்கள் உதவியதையே அறியார் என்பதால்தான் இம்மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தாருக்கு. உடல் அசைவுகளைப் படம்பிடித்துக்கொண்டே மூளையின் மின்னலைகளையும் பதிவுசெய்யும் வீடியோ ஈ.ஈ.ஜி. பரிசோதனையின்போது அவளுக்கு வலிப்பு வந்தது. கண்கள் இறுக மூடி, தலை இடமும் வலமுமாக ஆட, கைகால்கள் உதறிய அந்த நேரத்திலும் மூளையின் மின்னலைகள் இயல்பாகவே பதிவாயின. இது மூளையின் மின்கோளாற்றால் வரும் கால்கை வலிப்பு அன்று, நடிப்பும் அன்று, அவள் விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் உடலில் நிகழ்வது என்று மருத்துவர் தமிழும் மலையாளமும் கலந்து பொறுமையாக விளக்கினார். வேறோரிடத்தில் 'நடிக்கிறாள்' என்று சொல்லக் கேட்டுக் குன்றிப்போயிருந்த பிள்ளை அன்றுதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வலிப்பு மாத்திரைகளைப் படிப்படியாக நிறுத்தியதும் அவர்களே. இருவகை வலிப்பும் ஒருவருக்கே இருக்கக்கூடுமாதலால், இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

அடுத்து, நடத்தைச் சிகிச்சை அளித்த உளவியலர் அம்மையாருக்கு. அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தார் சிறார்களுக்கென இத்தகைய சிகிச்சையை வகுத்து, 2020-இல் ஆய்வு முடிவை வெளியிட்டதையும் அவர்தாம் எங்களுக்குச் சொன்னார். வலிப்பு வருமோ என்ற அச்சமே அடுத்த வலிப்பை அழைத்துவரும் என்பதை விளக்கி, விரல்நுனி மரத்துத் தொண்டை இறுகத் தொடங்கியதுமே பாதங்களைத் தரையில் அழுத்தி, மூச்சை மெல்ல வெளிவிட்டு, எதிரில் தெரியும் எழுத்துகளை வாய்விட்டுப் படிக்கப் பழக்கினார். எங்கள் பேருந்து ஆரியங்காவு மலைச்சாலையில் வளைந்து ஏறுகையில், அவள் கடைப் பலகைகளில் இருந்த மலையாள எழுத்துகளைத் தப்பும் தவறுமாகக் கூட்டிப் படித்தே ஒரு வலிப்பைத் தடுத்தாள்! திருத்திச் சொல்லிக்கொண்டே வந்த பக்கத்து இருக்கைப் பெரியவருக்கும் நன்றி.

எங்களுக்கு அந்த உளவியலர் இட்ட பாடம் அதைவிடக் கடினமானது. இடித்துக்கொள்ளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் கூட்டம் கூடாதீர்கள், அழாதீர்கள், தெளிந்ததும் விட்ட வேலையைத் தொடரச் செய்யுங்கள் என்றார். எங்கள் தெருவில் ஒரு பிள்ளை விழுந்தால் நாலு வீட்டார் ஓடி வருவார்கள். கையில் இரும்பைத் திணிப்பார்கள், முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் எங்கள் சொல்லை மதித்து வாசலோடு நின்றார்களே, அது சிறிய உதவியா? என் மாமியார் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி அடுப்படியிலேயே இருந்தார்.

பள்ளியிலும் அப்படியே. கணித ஆசிரியர் பெஞ்சை நகர்த்தச் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். அவள் எழுந்ததும், விட்ட கணக்கை அவளையே முடிக்கச் செய்தார். வீட்டுக்கு அனுப்பிவிடுவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அனுப்பாமல் இருந்ததற்காக, ஐயா, தங்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

இங்ஙனம்,
நன்றியுடன் ஒரு தாய்,
புளியரை.