விட வேண்டியது காலைப் பலகாரத்தை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடல் எடையைக் குறைக்க '16 மணி நேரம் பட்டினி, 8 மணி நேரம் சாப்பாடு' என்ற முறையை இன்று பலரும் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் நம்மூரில் பெரும்பாலும் காலை இட்லியைத்தான் விடுகிறார்கள். பகல் 1 மணிக்குத் தொடங்கி இரவு 9 மணிக்கு முடிக்கிறார்கள். காலையில் ஆளுக்கொரு பக்கம் ஓட்டம், ராத்திரிதான் வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காருகிறோம் என்பதால் இப்படி அமைந்துவிடுகிறது. உடலின் கடிகாரத்துக்கு இது தலைகீழ். சாப்பிடும் நேரத்தைச் சுருக்குவதென்றால் இரவுப் பக்கத்திலிருந்துதான் சுருக்க வேண்டும்.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உள்ள தலைமைக் கடிகாரம், கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து நேரம் பார்க்கிறது. கல்லீரல், கணையம், கொழுப்புத் திசு ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவற்றுக்குச் சாப்பாட்டு நேரம்தான் முக்கியமான அடையாளம். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் முன்பே, உடலைத் தூக்கத்துக்குத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்கிவிடும். அது கூடும்போது கணையம் இன்சுலின் விடுவது மந்தமாகும். அதனால் காலை 8 மணிக்குச் சாப்பிடும் அதே 3 இட்லி, இரவு 10 மணிக்கு ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். ஏறியது இறங்கவும் நேரமாகும்.

இஸ்ரேலில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், உடல் பருமனான 93 பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,400 கலோரி என்று ஒரே அளவு கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்குக் காலை 700, மதியம் 500, இரவு 200. இன்னொரு பிரிவுக்கு இதையே திருப்பி, காலை 200, இரவு 700. 12 வாரத்தில் முதல் பிரிவு சராசரியாக 8.7 கிலோ குறைந்தது, இரண்டாவது 3.6 கிலோ. இதை மட்டும் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓராண்டு கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், எல்லோருக்கும் கலோரியைக் குறைத்து, ஒரு பிரிவை மட்டும் காலை 8 முதல் மாலை 4-க்குள் சாப்பிடச் சொன்னார்கள். இரு பிரிவுக்கும் எடையில் பெரிய வேறுபாடு இல்லை. அதே ஆண்டு ஸ்காட்லாந்தின் அபர்தீன் ஆய்விலும், காலையில் கூடுதலாகச் சாப்பிட்டாலும் இரவில் கூடுதலாகச் சாப்பிட்டாலும் எடை ஒரே அளவில்தான் குறைந்தது. ஆனால் காலையில் கூடுதலாகச் சாப்பிட்டபோது நாள் முழுக்கப் பசி குறைவாக இருந்தது. என் கணிப்பில் காரியம் இங்கேதான் இருக்கிறது. எடையைக் குறைப்பது அளவுதான். அந்த அளவில் மனிதரைத் தாக்குப்பிடிக்க வைப்பது நேரம்.

வீட்டில் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காலை 6 மணிக்குப் பாலும் சர்க்கரையும் சேர்ந்த காபி, இரவு 9.30-க்குத் தோசை, 10.30-க்கு ஒரு டம்ளர் பால். காபியும் சாப்பாட்டுக் கணக்கில்தான் வரும். ஆக 16½ மணி நேரம் வயிற்றுக்கு வேலை. ஓய்வு 7½ மணி நேரம். தோசைக் கல்லையும் கவனியுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் 5 மில்லி, அதாவது 45 கலோரி. சுற்றி ஒன்று, திருப்பிப் போட்டு ஒன்று என்று ஊற்றினால் 4 தோசைக்கு எண்ணெய் மட்டுமே 360 கலோரி. மேலே சொன்ன இஸ்ரேல் ஆய்வில் கூடுதலாக எடை குறைந்த பிரிவுக்கு முழு இரவுச் சாப்பாடே 200 கலோரிதான்.

இரவுச் சாப்பாட்டை ஒரே நாளில் 9.30-இலிருந்து 7.30-க்கு இழுத்தால் நிலைக்காது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பழகிய நேரத்துக்குத்தான் சுரக்கும், 7.30-க்குச் சாப்பிட்டவர் 9.30-க்கு மறுபடி அடுப்படிக்குப் போவார். வாரத்துக்கு அரை மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள், நான்கு வாரத்தில் 7.30 வந்துவிடும். அதற்கும் முன்னால் காலையைச் சரிசெய்ய வேண்டும். 8 மணிக்குள் 3 இட்லி, ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பார், ஒரு முட்டை. முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஒரு கைப்பிடி பயறுச் சுண்டல். மாலை 5 மணிக்கு பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவுக்கு 2 இட்லியும் சாம்பாரும் காய்கறியும் போதும். சட்னி மட்டும் தொட்டுச் சாப்பிட்டால் பருப்பு உள்ளே போகாது, 11 மணிக்குப் பசிக்கும். 7.30-க்கு முடித்துவிட்டு 10.30-க்குப் பாலும் பிஸ்கட்டும் எடுத்தால் எதுவும் மாறவில்லை. செல்போனோடு 1 மணி வரை விழித்திருந்தாலும் பசிக்கும். தூக்கத்தையும் சேர்த்தே முன்னால் கொண்டுவர வேண்டும்.

இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இரவு உணவைக் குறைக்கவோ நேரம் மாற்றவோ கூடாது. நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து மயங்க நேரிடும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகளுக்கு இந்த நேரச் சுருக்கம் வேண்டாம்.

இரவுப் பணியில் இருப்பவர்கள் வேலைக்குக் கிளம்பும் முன் முழுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, நள்ளிரவு முதல் 5 மணி வரை பெரிய சாப்பாட்டைத் தவிர்ப்பது நல்லது. 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இரவு வேலைபோல விழித்திருந்தபோதும் பகலில் மட்டுமே சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறவில்லை. இடையில் பசித்தால் நீர்மோர், ஒரு கொய்யா போதும், பரோட்டா வேண்டாம்.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு 10.15-க்கு மிச்சத்தோடு உட்காரும் பெண்களுக்கு இந்த ஆலோசனையெல்லாம் எட்டுவதே இல்லை. அவர்கள் 7.30-க்கே சாப்பிட்டுவிட, பிந்தி வருபவர் தாமே எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். துணிக்கடையிலும் மளிகைக்கடையிலும் 9.30 வரை நிற்பவர்களின் நேரமோ அவர்கள் கையில் இல்லை. கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையை 2021-இல் சட்டமாக்கிய மாநிலம் இது. மாலை 6.30-க்கும் 7.30-க்கும் இடையே ஆளுக்கு 20 நிமிடம், முறை வைத்து டிபன் பாக்ஸைத் திறக்கக் கடை உரிமையாளர்கள் இடம் கொடுக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உணவியல் ஆலோசகர்,
திருச்சி.