தேதியைச் சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி இன்னும் எத்தனை வருஷத்துக்கு வரும் என்று போன இதழில் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். படித்தேன், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கேள்வியே தப்பு என்று பட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் மந்தாரக்குப்பத்தில் 31 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். சுரங்கத்தில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. அங்கே வேலைக்குப் போகிறவர்களின் இடுப்பளவு தெரியும், அவ்வளவுதான்.

என் மனைவிக்குப் பிறந்த ஊர் கோலார் தங்க வயல், மாரிகுப்பம் பக்கம். 1996-இல் கல்யாணமாகி முதல்முறை அங்கே போனபோது தங்கச் சுரங்கக் கம்பெனி நடந்துகொண்டுதான் இருந்தது. தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடு, தகரக் கூரை, குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். சுவரில் கடிகாரம் மாட்டியிருந்தது, ஆனால் அதை யாரும் நிமிர்ந்து பார்த்து நான் காணவில்லை, மாமியார் சுரங்கத்தில் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டுத்தான் உலை வைப்பார். மாமனார் ஷிப்டு முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். நான் தையல்காரன், கண் அங்கேதான் போகும். அக்குளிலும் முதுகிலும் துணி நைந்துபோய் நூல் நூலாக நின்றது. வெயிலே படாத இடத்தில் வேலை செய்கிறவர் சட்டை எப்படி இப்படி ஆகும் என்று கேட்டேன். கீழே போகப் போக பாறையே கொதிக்கும், வியர்வையிலேயே துணி மக்கிவிடும் என்றார். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேலே ஆழம்.

மூடப்போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே இருந்தது. மாமனாரிடம் கேட்டதற்குச் சிரித்தார். "எங்கப்பா காலத்துலேயே இதைத்தான் சொன்னாங்க மாப்பிள்ளை, நீங்க சாப்பிடுங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 1880-லிருந்து தங்கம் வெட்டின இடம், 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் வாங்கின ஊர், சின்ன இங்கிலாந்து என்று பெயர் எடுத்தது. அது மூடும் என்று எவன் நம்புவான்?

2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள்.

தங்கம் தீர்ந்துபோயா மூடினார்கள்? கீழேயும் இருக்கிறது, வெட்டி அரைத்து மேலே கொட்டி வைத்திருக்கிற சயனைடு மண்மேட்டிலும் கொஞ்சம் இருக்கிறது. ஒரு கிராம் எடுக்க ஆகிற செலவு அந்த ஒரு கிராமின் விலையைத் தாண்டிவிட்டது, அதனால் மூடினார்கள். அதனால்தான் சொல்கிறேன், எத்தனை வருஷத்துக்கு நிலக்கரி இருக்கிறது என்ற கணக்கு போட்டுப் பிரயோஜனமில்லை. மண்ணுக்குள் இருப்பது அப்படியே இருக்க, கணக்குப் புத்தகத்தில் ஊர் முடிந்துவிடும்.

அப்புறம் நடந்தது எல்லாம் சட்டென்று நடக்கவில்லை, அதுதான் கொடுமை. முதலில் சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கிற பம்ப் நின்றது, கீழே இறங்குகிற குழியில் தண்ணீர் ஏறியது. என் மனைவி பிறந்த கம்பெனி ஆஸ்பத்திரியைப் பூட்டினார்கள். கடைத்தெருவில் முதலில் போனது நகைக் கடையோ துணிக் கடையோ இல்லை, மாதச் சம்பளத்தை நம்பி நோட்டில் எழுதிக் கடன் கொடுத்த மளிகைக் கடைகள். மச்சான் இன்னமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் வேலை பார்த்துவிட்டு ராத்திரி வருகிறார். அவர் மட்டுமா, அந்த ரயிலில் போய்ப் பார்த்தால் ஒரு ஊரே தூங்கிக்கொண்டு போகிறது. அங்கே இருக்கிற மண்வாரி எந்திரத் தொழிற்சாலை இன்னும் ஓடுகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். அதுவும் இல்லையென்றால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

சரி, நம்ம ஊருக்கு வருகிறேன். நெய்வேலி நாளைக்கே மூடப்போகிறது என்று யாரையும் பயமுறுத்தவில்லை. ரஷ்யாக்காரர்கள் உதவியில் கட்டி 1962-இல் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்த முதல் அனல்மின் நிலையத்தை 2020-இல் நிறுத்தினார்கள், அதற்குப் பதிலாக 1,000 மெகாவாட்டில் புதிதாக ஒன்று வந்துவிட்டது, ஊர் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பழுப்பு நிலக்கரியிலிருந்து இங்கே செய்த அடுப்புக்கரி, லெகோ கரி, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எங்கள் வீட்டில் அதில்தான் வெந்நீர் போடுவோம். வீட்டுக்கு வீடு காஸ் வந்த பிறகு அதைத் தேடுவார் இல்லை, அந்த ஆலையும் போயிற்று. நிலக்கரி அப்போதும் மலை மலையாக இருந்தது.

டவுன்ஷிப்பில் ரோடு, தண்ணீர், தெருவிளக்கு எல்லாம் சுரங்கத்தை நடத்துகிற நிறுவனம் செய்து கொடுப்பது. ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அங்கேயே பிறந்து வளர்ந்து பேரன் எடுத்தவருக்கும் அதே கதைதான். வடலூரிலோ கடலூரிலோ ஒரு மனை வாங்கிப் போட்டவர்கள் தப்பித்தார்கள். (நிலம் கொடுத்த கிராமங்களின் கதை இதைவிடப் பெரியது, அதற்குத் தனிக் கடிதம்தான் எழுத வேண்டும்.)

என் கடையில் அளவு நோட்டு ஒன்று இருக்கிறது. பழைய நோட்டைப் புரட்டினால் தீபாவளி போனஸ் சமயத்தில் ஒரு பக்கத்துக்கு 20 பேர், ஆளுக்கு இரண்டு செட். ஒருத்தருக்கு 1995-இல் இடுப்பு 30 என்று எழுதியிருக்கிறேன், கடைசியாக எழுதினது 38, ரிட்டையர் ஆகி மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தது ஒப்பந்தத் தொழிலாளி. அந்தப் பையனுக்கு என்னிடம் தைக்கக் கூடாது என்றில்லை, தைக்கிற கூலியில் ரெடிமேட் பேண்ட் ஒன்று வாங்கிவிடலாம், அவன் சம்பளத்துக்கு அதுதான் சரி. காஜா போட இரண்டு பேர் வைத்திருந்தேன், இப்போது நானே போடுகிறேன்.

நம்ம சுரங்கத்தில் சக்கரம் மாதிரி சுற்றி மண்ணை வாருகிற ராட்சத எந்திரம் ஜெர்மனிக்காரர்களுடையது. அந்த ஜெர்மனி 2020-இல் ஒரு சட்டம் போட்டது, 2038-க்குள் நிலக்கரி மின்சாரத்தை நிறுத்திவிடுவோம் என்று. கூடவே அந்தச் சுரங்க வட்டாரங்கள் வேறு தொழிலுக்கு மாற 4,000 கோடி யூரோ வரைக்கும் ஒதுக்கியிருக்கிறார்கள். பையன் போனில் காட்டினான். அவர்கள் பணக்காரர்கள், நம்மால் அவ்வளவு முடியாதுதான், அதை விடுங்கள். எனக்குப் பிடித்தது தேதி போட்டார்களே, அதுதான். கல்யாணத்துக்குத் தேதி குறித்தால்தான் துணி எடுப்பார்கள், பிளவுஸ் தைக்கக் கொடுப்பார்கள். தேதி இல்லாத கல்யாணத்துக்கு என்னிடம் இதுவரை யாரும் துணி கொண்டுவந்ததில்லை. நம்ம நாடும் 2070-க்குள் புகைக் கணக்கைப் பூஜ்யமாக்குவோம் என்று சொல்லியிருக்கிறது. அதற்குள் நெய்வேலியின் முறை எப்போது வரும்? 2040-ஆ, 2055-ஆ? அது தெரிந்தால் ஐ.டி.ஐ.யில் என்ன சொல்லிக்கொடுப்பது, வேறு என்ன தொழிலை இங்கே கொண்டுவருவது, குவார்ட்டர்ஸ் வீடுகளை யாருக்குக் கொடுப்பது என்று இப்போதே உட்கார்ந்து பேசலாம். தேதியைச் சொன்னால் ஊர் பயந்துவிடும் என்பார்கள். கோலாரில் சொல்லாமலே வைத்திருந்தார்கள், அங்கே யாரும் பயப்படவில்லை, மாமனார் உட்பட.

என் பையன் மோட்டார் வைத்த தையல் மெஷின் நாலு வாங்கி, பள்ளி யூனிஃபார்ம் மொத்தமாக எடுத்துத் தைக்கலாம் என்கிறான். 7 வருஷக் கடன். வங்கியில் கேட்ட காகிதமெல்லாம் கொடுத்தாயிற்று, என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. உங்கள் நிருபர் அடுத்த முறை சுரங்கத்துக்குப் படம் எடுக்க வந்தால், அங்கே இருக்கிற அதிகாரிகளிடம் நெய்வேலிக்கு எது தேதி என்ற இந்த ஒரு கேள்வியைக் கேட்டு, பதிலை அடுத்த இதழில் போடச் சொல்லுங்கள். அதுவரை கையெழுத்தைத் தள்ளி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
மந்தாரக்குப்பம், கடலூர் மாவட்டம்.