கப்பலடியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள்

வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களப் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, பாலமீன்மடு வெளிச்சவீட்டடியில் பிறந்து வளர்ந்தவன் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர்கள் "கப்பலடி" என்று சொல்லும் ஓர் இடம் உண்டு. ஹேர்மஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பல் மூழ்கிக் கிடக்கும் இடம் அது. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய உலகின் முதற் கப்பல். ஜப்பான் விமானங்கள் வருகின்றன என்று அறிந்து திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு இரவோடிரவாக வெளிக்கிட்டு, 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி எங்கள் கரைக்கு நேரே அகப்பட்டுக்கொண்டது. விமானம் ஏற்றவென்றே கட்டிய கப்பலில் அன்றைக்கு ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் மாண்டார்கள். ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில், இடப்பக்கம் சரிந்தபடி இன்றும் கிடக்கிறது.

இப்போது அது கப்பல் அல்ல, மீன் அடையும் கடலடிப் பாறை, எங்கள் பேச்சில் ‘பார்’. கலவாய், பாரை, விளைமீன், சீலா எல்லாம் அதன் இரும்புக்குள் குடியிருக்கின்றன. அதனால்தான் எங்கள் தூண்டில்காரர் அங்கே போகிறார்கள். அதே காரணத்துக்காகத்தான் அதைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கிறேன்.

அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அப்பால், நடுக்கடலில் ஜெபர்சன் கோட்டை என்று ஒன்று நிற்கிறது. 1846 இல் தொடங்கி, ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கல் அடுக்கியும் கட்டி முடியவில்லை. 1874 இல் இராணுவம் கைவிட்டுப் போனது. கைவிட்ட இடத்தைப் பறவைகளும் மீனும் எடுத்துக்கொண்டன. 1935 இல் தேசிய நினைவுச்சின்னம், 1992 இல் தேசியப் பூங்கா. அந்தப் பூங்காவில் நூற்றுக்கு 99 பங்கு கடல்தான். கோட்டையை மட்டும் வேலி போட்டுக் காத்திருந்தால் செங்கல்தான் மிஞ்சியிருக்கும். 

எங்களிடமும் கடல் சரணாலயம் புதிதல்ல. காயாங்கேணிப் பார் இருக்கும் கடலை 2019 இல் உங்கள் திணைக்களமே சரணாலயமாக அறிவித்தது. ஆனால் அறிவிப்பு மட்டும் போதாது என்பதைத் திருகோணமலையின் புறாத்தீவில் பார்த்திருக்கிறேன். முருகைக்கல்லின்மேல் ஏறி நின்று படம் எடுத்தவர்களை ஒருவரும் தடுக்கவில்லை.

கப்பலடிக்கு அப்படிக் கூட்டம் வராது. சாதாரணமாகச் சுழியோடுகிறவர்களின் எல்லை 40 மீற்றர். அங்கே நான் பயப்படுவது வேறு மூன்றுக்கு: டைனமைற், நங்கூரம், சிக்கி அறுந்து கிடக்கும் வலை. அறுந்த வலை சும்மா கிடப்பதில்லை. ஆளில்லாமலே ஆண்டுக்கணக்கில் மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும். அதை மேலே எடுக்க அந்த ஆழத்துக்குப் பழகிய கடற்படைச் சுழியோடிகளைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே கப்பலை நடுவில் வைத்து ஒரு சிறிய வட்டம் போடுங்கள். அதற்குள் வலையும் வெடியும் வேண்டாம். நங்கூரம் போடாமல் கட்டிக்கொள்ள மிதவை வையுங்கள். வட்டத்தின் ஓரத்தில் கைத்தூண்டிலுக்கு இடம் விடுங்கள். இதில் நான் பிடிவாதக்காரன். சுனாமியில் தோணியும் வலையும் இழந்து மறுபடி தொடங்கிய ஆட்கள் இவர்கள். கொழும்பில் கோடு கீறிவிட்டுப் பிறகு வந்து அறிவித்தால், அந்த எல்லைக்கோட்டை இரவில் ஒருவரும் மதிக்கமாட்டார்கள். காவலுக்குப் படகு அனுப்ப உங்களிடம் எத்தனை படகு இருக்கிறது?

கோடு கீறுமுன் உங்கள் அதிகாரிகள் ஒருமுறை வரட்டும். வாடைக்காற்று மாதங்கள் சரிவராது. சித்திரையில் கடல் தணிந்திருக்கும். வரைபடம் இல்லாமல், கரையில் வெளிச்சவீட்டைக் குறிபிடித்தே கப்பலடிக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தும் ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். விடிய நாலு மணிக்குத் தோணி வெளிக்கிடும்.

இப்படிக்கு,
பாலமீன்மடுவைச் சேர்ந்த ஒருவன்