முற்றத்து நிழலும் ஹோஸ்டாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்து நிழலுக்கு ஹோஸ்டாவைப் போல் பொருத்தமான செடி வேறில்லை, தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும்" என்று சென்ற இதழின் தோட்டப் பகுதியில் படித்தேன். எழுதியவர் எங்கள் பக்கம் வந்திருந்தால் மார்கழியில்தான் வந்திருப்பார். காலைப் பலகாரம் முடிந்ததும் ரயிலேறியிருப்பார்.

அகல இலைக்காக வளர்க்கும் ஹோஸ்டா ஜப்பான், கொரியா, சீனப் பகுதிகளின் செடி என்பது தாங்கள் அறியாததல்ல. குளிர்காலத்தில் இலையெல்லாம் மடிந்து மண்ணுக்குள் உறங்கும். குளிர் 5 டிகிரிக்குக் கீழே இறங்கிச் சில வாரமாவது நீடித்தால்தான் மறுபடி திடமாக முளைக்கும். காரைக்குடியில் மார்கழிப் பனியிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. உறங்கவே விடாமல் ஒரு செடியை எத்தனை காலம் வளர்ப்பது?

அது போகட்டும். முற்றத்தில் ஏது நிழல்? முற்றத்தைச் சுற்றி ஓடும் பத்தியில், அதாவது தாழ்வாரத்தில்தான் நிழல். நடு முற்றம் மழை உள்ளே விழட்டும் என்று வானம் பார்க்கத் திறந்துவைத்தது. சித்திரை பிறக்கும்போது உச்சி வெயில் செங்குத்தாக இறங்குகிறது. கல்தரையில் வெறுங்காலை வைக்க முடியாது.

உங்கள் பத்திரிகை இந்தச் செடியைப் புகழ்வது முதல் தடவையும் அல்ல. சென்ற ஆண்டு வந்த வண்ணப் படத்தை நம்பித் தபாலில் கிழங்கு வரவழைத்தேன். வடக்குப் பத்தியில், வெயில் படாத மூலையில், தொட்டியில்தான் வைத்தேன். ஐப்பசி மழையில் முளைத்து, நீலம் பாய்ந்த பச்சையில், நரம்புகள் பள்ளம் பள்ளமாக இறங்கிய இலைகள் விட்டது. அழகில்லை என்று சொல்லமாட்டேன். பங்குனியில் ஓரம் கருகி அப்பளமாக நொறுங்கியது. வைகாசியில் லேசாகத் தொட்டதற்கே கையோடு வந்துவிட்டது. குருத்து இருந்த இடம் கொழகொழவென்று அழுகி ஒரே நாற்றம். விற்றவரைக் கேட்டால், அடுத்த கிழங்கை வாங்கி மார்கழியில் ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கச் சொல்கிறார். மாவுப் பாத்திரத்துக்கே இடமில்லாத ஃபிரிட்ஜில்!

"தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும்" என்றீர்களே, யார் ஊற்றுவது? எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், அறுபதாம் வயதுச் சாந்தி என்றால்தான் சாவி வரும். நீங்கள் செட்டிநாடு சிறப்பிதழ் போட்டபோதும் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கற்களையும் பக்கம் பக்கமாகக் காட்டி, மிளகுக் கோழியோடு முடித்துவிட்டீர்கள். பூட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்போதே எழுதினேன். "படங்கள் அருமை" என்ற இரண்டு சொற்களை மட்டும் பிரசுரித்தீர்கள். நன்றி.

தோட்டப் பகுதியில் இதுவரை டூலிப் வந்தது, லாவெண்டர் வந்தது, அக்கினி நட்சத்திரத்தில் மொட்டை மாடி ஸ்ட்ராபெர்ரியும் வந்தது. என் அப்பத்தா வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் கை கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் சேம்பு வைத்திருந்தார். பக்கத்துச் சுவரில் வெற்றிலைக் கொடி. பாம்புச் செடி என்கிறார்களே, அந்த மருளை யாரும் கவனித்ததே இல்லை, அது பாட்டுக்குப் பெருகியது. இன்று அதே இடத்தில் கலேடியம் வைத்திருக்கிறேன். கோடையில் மடிந்து கிழங்காகக் கிடக்கும். முதல் மழைக்குச் சிவப்பும் பச்சையுமாக எழுந்துவிடும். அகல இலைதான் வேண்டும் என்றால் இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இந்தச் சரளைச் செம்மண்ணில் வளரும் எதற்கும் உங்கள் பத்திரிகையில் கால் பக்கம்கூடக் கிடைத்ததில்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மட்டும்தான் சந்தாதாரர்கள் இருக்கிறார்கள் போலும்.

நான் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு செடியின் பெயருக்குப் பக்கத்திலும் மலைக்கு என்றால் 'ம', சமவெளிக்கு என்றால் 'ச' என்று ஓர் எழுத்து போடுங்கள். இடம் போதாவிட்டால் ராசிபலனில் ஒரு வரி குறைத்துக்கொள்ளலாம். இக்கடிதத்தையும் சுருக்கத்தான் போகிறீர்கள் என்றால், இந்தப் பத்தியை மட்டுமாவது விட்டுவைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
கோட்டையூர்.